பண்டாரநாயக்க குடும்ப டாக்குமெண்டரி: உங்க வீட்ல என்ன பேச்சு?

நேத்து டிவில போட்ட பண்டாரநாயக்க குடும்ப டாக்குமெண்டரி யாரெல்லாம் பாத்தீங்க? அவங்க பரம்பரை வீடான ஹொரகொல்ல வளவு, 1959ல இலங்கைப் பிரதமரா இருந்த பண்டாரநாயக்கவ பிக்கு சுட்டது, அடுத்த வருசமே அவரு மனைவி சிறிமாவோ உலகத்துலயே முதல் பெண் பிரதமர் ஆனது, எல்லாம் மியூசிக் போட்டு விலாவாரியா காட்டுனாங்க. 1964 ஒப்பந்தம் வந்தப்ப மட்டும் இந்தியப் பிரதமர் சாஸ்திரி பக்கத்துல சிறிமாவோ நிக்கிற ஒரு போட்டோ, ரெண்டு வரி, முடிஞ்சது. அம்மாச்சி "அட அவ்வளவுதானா, திருப்பிப் போடுடா"ன்னுச்சு. நாங்க நீலகிரிக்கு வந்ததே அந்த ரெண்டு வரியாலதாங்க. சிலோன் தோட்டங்கள்ல இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேர சிலோன் வச்சுக்கணும்னு கணக்க முடிச்சாங்க, எங்க குடும்பத்துல தாத்தாவுக்கு இந்தியா பாஸ்போர்ட், கூடப்பொறந்த அண்ணனுக்கு அங்கயே பிரஜாவுரிமை. அட்டன் ஸ்டேஷன்ல கோச்சி கெளம்புனப்ப பெரிய தாத்தா ஜன்னல் கம்பிய விடாம கூடவே ஓடிவந்தாராம், வழிக்குன்னு கட்டுன ரொட்டிப் பொட்டலம் அவர் கக்கத்துலயே இருந்துருக்கு, குடுக்கவே இல்ல. அம்மாச்சிக்கு அந்த ரொட்டி மேலதான் இன்னும் ஆத்தாமை. அப்புறம் தலைமன்னார் கப்பல், மண்டபம் கேம்ப், கோத்தகிரில டேன்டீங்குற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயம் வீடு.

*

எங்கட வீட்டில சண்டை வேற மாதிரி. அப்பப்பாக்கு சிறிமா எண்டால் இண்டைக்கும் ஒரு மரியாதை. 70க்குப் பிறகு வெங்காயம், செத்தல் மிளகாய் இறக்குமதிய இறுக்கினவ எல்லோ, கொழும்புச் சனம் பாணுக்குக் கியூவில நிக்கேக்க யாழ்ப்பாணத் தோட்டக்காரர் வெங்காயம் வித்தே கல்வீடு கட்டினவை, எங்கட வீடும் கிணத்தடி வாட்டர் பம்பும் அப்பிடி வந்ததுதான். ஆனா அதே ஆட்சியிலதான் யூனிவர்சிட்டிக்குத் தமிழ்ப் பிள்ளையளிட்டக் கூடுதல் மார்க்ஸ் கேட்ட தரப்படுத்தலும் வந்தது. சித்தப்பா மெடிசினுக்கு நல்ல மார்க்ஸ் எடுத்தும் இடம் கிடைக்கேல்ல, ஆள் லண்டன் போயிட்டார். அவர் வீடியோ கோலில நிண்டு ஏச, அப்பப்பா "நீ பிளேன் ஏறினது ஆற்ற வெங்காயக் காசில?" எண்டு திருப்பி ஏச, நாங்கள் ஒரு அரை மணித்தியாலம் படத்தையே பாக்கேல்ல. படத்தில வெங்காயமும் இல்ல, தரப்படுத்தலும் இல்ல. 72 அரசியலமைப்பில பௌத்தத்துக்கு முதலிடம் குடுத்தத மட்டும் ஒருத்தர் நியாயமாச் சொன்னவர்.

*

மகள் சந்திரிகான்ர பகுதி பாத்திட்டு அம்மா அலுமாரியத் திறந்து தேடத் தொடங்கிட்டா. 94 ஜனாதிபதித் தேர்தல்ல சந்திரிகா 62 வீதம் எடுத்து வெண்டாப் பிறகு யாழ்ப்பாணத்தில சந்திரிகா காப்பு எண்டு ஒண்டு வித்தவங்கள், ஞாபகம் இருக்கோ? சமாதானம் வரப்போகுதெண்டு சனம் அள்ளி வாங்கினது. அடுத்த ஏப்ரல்ல சண்டை திரும்பத் தொடங்க, ஒக்டோபர் கடைசியில மழைக்குள்ள ஊரே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால நடந்தது. அம்மான்ர கையில அப்பவும் அந்தக் காப்புத்தான். படத்தில 99ல குண்டு வெடிச்சு அவவுக்குக் கண் போனத விரிவாக் காட்டினவை, அதுக்கு அம்மா உண்மையாவே கவலைப்பட்டா, பிறகு "எங்கட பாலத்த எங்க காட்டினவன்?" எண்டும் கேட்டா.

*

நான் சென்னை, எங்க குடும்பத்துக்கும் இலங்கைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. எனக்குப் பிடிச்சது 57ல பண்டாரநாயக்க தமிழர் தலைவர் செல்வநாயகத்தோட ஒப்பந்தம் போட்டுட்டு அடுத்த ஏப்ரல்லயே பிக்குமார் வீட்டு வாசல்ல வந்து உக்காந்ததும் அத ரத்து பண்ண சீன்தான். சிங்களம் மட்டும்னு சொல்லி 56ல ஜெயிச்ச மனுசன், தான் ஏத்தி விட்ட கூட்டத்துக்கே பயந்து நிக்கிறாரு. சிறிமாவோ 2000ல ஓட்டு போட்டுட்டு வர்ற வழியிலயே இறந்தது எனக்குத் தெரியவே தெரியாது, சினிமால வச்சா ஓவர்னு சொல்லுவோம். மத்தபடி பாதிப் படம் அந்த வீட்டு ஆல்பம்தான், குதிரை, நாய், வெள்ளைக்கார விருந்தாளி.

*

ஆல்பம்னு சொன்னது கரெக்ட், எங்க அம்மாச்சியும் "அவுங்க வீட்டு நாய்க்கு இருக்குற நேரம் கூட நமக்கு இல்ல"ன்னுச்சு. வெங்காயக் கதை எங்களுக்குப் புதுசு, தோட்டத்துல அந்த வருசங்கள்ல பட்டினிதான், மரவள்ளிக் கெழங்கு கெடைச்சாலே பெருசுன்னு சொல்லுவாங்க. ரெண்டாம் பாகம் யாராச்சும் பாத்துட்டீங்கன்னா, 74ல மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேர இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000னு பாதியாப் பிரிச்சது வருதான்னு சொல்லுங்க. சின்னத்தை குடும்பம் அதுல வந்தது, வரும்னா அவங்களையும் உக்கார வச்சுப் பாக்கலாம்.