வீட்டுக் கணினிக்கு ரேன்சம்வேர் பாதுகாப்பு: ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் தாத்தாவின் தோட்டத்துக் காலப் புகைப்படங்களும், அம்மா தொகுத்துவரும் தமிழ்ப்பள்ளி வரலாற்றுக் குறிப்புகளும் இருக்கின்றன. இவற்றுள் பலவற்றுக்கு மூலப் பிரதியே இன்று இல்லை.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரிடமிருந்து இவற்றைக் காக்க, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ வசதியை இயக்க விரும்புகிறேன். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்தே இது இருந்தாலும், வீட்டுக் கணினிகளில் நாமாகத்தான் இயக்க வேண்டும். இயக்கியபின், நம்பகமெனக் கருதப்படாத செயலிகள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் உள்ளவற்றை மாற்ற இயலாது. ஆனால் படிப்பதை இது தடுப்பதில்லை என்பதால், தகவல் திருட்டுக்கு இது தீர்வாகாது.

என் முதன்மையான ஐயம் இதுதான்: விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்கினால்தான் இவ்வசதி வேலை செய்யும். எங்கள் கணினியிலோ கடைக்காரர் வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவியிருக்கிறார். அதை நீக்கிவிட்டு டிஃபெண்டரை மட்டும் நம்பிய அன்பர்கள் இருப்பின், நிறைகுறைகளைத் தயவுசெய்து விளக்குங்கள்.

அடுத்து, பழைய ஸ்கேனரின் மென்பொருள் தடுக்கப்பட்டால், தடுப்பு வரலாற்றைப் பார்த்து அதை மட்டும் அனுமதிப்பது போதுமா? டி டிரைவில் உள்ள கோப்புறைகளை இந்தப் பாதுகாப்பில் சேர்த்தவர்களும் சொல்லலாம். காப்புப் பிரதி வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க், எப்போதும் இணைந்திருந்தால் அதுவும் பூட்டப்படக்கூடும் என்பதால், பிரதி எடுத்ததும் கழற்றிவிடவே எண்ணுகிறேன். எவ்வளவு இடைவெளியில் பிரதி எடுக்கிறீர்கள்?