பெட்ஃபோர்ட் பார்க் உருவாக ரயில் மட்டும்தான் காரணமா?

கேள்வி:
விக்டோரியா அரசியின் காலத்தில் லண்டனைச் சுற்றி எழுந்த புறநகர்களின் வரலாற்றைப் படித்துவருகிறேன். மேற்கு லண்டனில் சிஸ்விக்கை ஒட்டியுள்ள பெட்ஃபோர்ட் பார்க்கை முதல் தோட்டப் புறநகர் (மரங்களும் தோட்டங்களும் சூழ அமைத்த குடியிருப்பு) என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். 1869இல் டர்ன்ஹம் கிரீன் ரயில் நிலையம் திறக்கப்பட்டதுதான் அது உருவானதற்குக் காரணம் எனக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
ரயில் இல்லையென்றால் லண்டனில் வேலை பார்த்தவர்கள் அங்கே குடியேறியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ரயில் எட்டிய எத்தனையோ ஊர்களில் ஒன்றுபோலவே இருக்கும் வரிசை வீடுகள்தாம் எழுந்தன. இங்கே நிலத்துக்கே ஒரு கதை உண்டு. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி வாழ்ந்த வீட்டைச் சுற்றி நன்கு வளர்ந்த மரங்கள் நின்றன. 1875இல் 24 ஏக்கரில் பணியைத் தொடங்கிய நில மேம்பாட்டாளர் ஜோனதன் கார், அம்மரங்களை இயன்றவரை வெட்டாமல் தெருக்களை அமைத்தார். அந்த முடிவைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். கட்டடக் கலைஞர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஈ. டபிள்யூ. காட்வின் வரைந்த வீடுகள் குறைகூறப்பட்டதால், 1877இல் நார்மன் ஷா பொறுப்பேற்றார். செங்கல் சுவர், ஓடு பதித்த முகப்பு, வெள்ளை மரவேலி ஆகியவை அப்பகுதியின் அடையாளமாயின. அக்கால லண்டன் வீடுகளில் பணியாளர்கள் நிலவறைச் சமையலறையில் வெளிச்சமின்றி உழைத்தார்கள். இங்கோ நிலவறையே கட்டப்படவில்லை, சமையலறை தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. அழகைப் புகழ்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஜோனதன் கார் தொடங்கிய முயற்சி வணிக அளவில் வெற்றி பெற்றதா? அந்த வீடுகள் இன்றும் இருக்கின்றனவா?

மறுமொழி 3:
வெற்றி நீடிக்கவில்லை. 1881இல் தொடங்கப்பட்ட அவருடைய நிறுவனம் 1886இல் கலைக்கப்பட்டது. ஆயினும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அப்பகுதியை நாடி வந்தார்கள். கவிஞர் யேட்ஸின் குடும்பம் 1888இல் பிளெனிம் சாலையில் குடியேறியது. கார் வாழ்ந்த டவர் ஹவுஸ் பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. மற்ற வீடுகளுக்கும் அந்த நிலை நேராமல் தடுக்கவே 1963இல் குடியிருப்பாளர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அதன் பயனாக 1967இல் 356 வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாத் சாலையிலிருந்து தொடங்குங்கள்: ஷா வடிவமைத்த தேவாலயமும் டபார்டு என்ற மது விடுதியும் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. விடுதிக்குள் மட்பாண்டக் கலைஞர் வில்லியம் டி மார்கன் செய்த சுவர் ஓடுகளைத் தவறாமல் பாருங்கள்.