காப்பர்பேண்ட் மீன் தீனுக்கு வாய் வைக்குதில்லை, மட்டி குடுக்கலாமோ?

உவர்நீர்_யாழ்:
வணக்கம். 400 லீட்டர் ரீஃப் (பவளத்) தொட்டி. சம்ப் (கீழ இருக்கிற வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாப் பிரிக்கிறது) இருக்கு. உப்படர்த்தி 1.025, வெப்பம் 28 பாகை, அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், நைட்ரேட் 10. ஒரு சோடி கிளவுன் மீனும் ஒரு மஞ்சள் டாங் மீனும் முதலே நிக்குது. புதுசா விட்ட காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை நாள் முழுக்கக் கல்லைக் கொத்துது. உறைந்த மைசிஸ் (இறால் மாதிரிச் சின்னப் பிராணி) போட்டால் கிட்ட வந்து பார்த்திட்டுத் திரும்புது, எடுத்தாலும் துப்புது. பெலட் (உருண்டைத் தீன்) பக்கம் போறதே இல்லை. பாசையூர்ச் சந்தையில இறால், கணவாய், மட்டி எல்லாம் புதுசாக் கிடைக்கும். எதை எப்பிடிக் குடுக்கிறது? மட்டியை உயிரோட தொட்டிக்குள்ள வைச்சு விடலாமோ?

பவளத்திட்டு:
முதல்ல மீனை முன்பக்கமா நிண்டு பாருங்கோ. வயிறு ஒட்டியிருந்தால் இன்னும் நேரம் இருக்கு. கண்ணுக்கு மேல, முதுகுச் செட்டைக்குக் கீழ இருக்கிற சதை உள்வாங்கினால் நிலைமை மோசம், அதுக்குப் பிறகு தேறி வாறது அபூர்வம். கல்லைக் கொத்துறது நல்ல அறிகுறி. பசி இருக்கு, தேடுது.

இந்த மீன் கடலில நீட்டுச் சொண்டைக் கல்லிடுக்குக்குள்ள விட்டுப் புழுவையும் சின்ன இறால் வகையையும் பிடுங்கித் தின்னுறது. தண்ணியில மிதந்து வாற துண்டு தீன் எண்டு அதுக்குத் தெரியாது. அதனால தீனை மாத்த முதல் தீன் இருக்கிற இடத்தை மாத்துங்கோ.

3–4 சென்ரிமீற்றர் மட்டியைக் கத்தியால திறந்து, சதை ஒட்டின பாதி ஓட்டை எடுத்து, அது வழமையாக் கொத்துற கல்லிடுக்கில சதை வெளியில தெரியிற மாதிரிச் செருகுங்கோ. ஒரு நேரத்துக்கு ஒண்டு காணும். ஒரு மணித்தியாலத்தில மிச்சத்தை வெளியில எடுங்கோ. 28 பாகையில மட்டிச் சதை கெட அதிக நேரம் எடுக்காது.

ஓடு வெறுமையாகிற அளவுக்குத் தின்னத் தொடங்கினால் அந்த வெற்று ஓட்டையே தட்டாப் பாவியுங்கோ. பொடியா அரிஞ்ச மட்டியும் மைசிஸும் பாதிக்குப் பாதி குழைச்சு, ஓட்டில அமத்தி, உறைய வைச்சுக் குடுங்கோ. ஒவ்வொரு மூண்டு நாலு நாளுக்கும் மட்டியைக் குறைச்சு மைசிஸைக் கூட்டுங்கோ. பிறகு ஓட்டுக்கு மேல 60 மில்லி சிரிஞ்சில கெட்டிக் குழாய் மாட்டி மைசிஸை மெல்ல விட்டால், மிதக்கிறதும் தீன் தான் எண்டு பழகும். அவசரப்பட்டு மட்டியை ஒரேயடியா நிப்பாட்டினால் திரும்பப் பட்டினி கிடக்கும்.

நெய்தல்:
உயிர் மட்டி வேண்டாம். இறுக மூடின ஓட்டை இந்தச் சொண்டால திறக்க ஏலாது. சுத்தமான தொட்டித் தண்ணியில மட்டிக்கும் தீன் இல்லை, பட்டினியில செத்து அமோனியாவைக் கூட்டும். அதோட யாழ் கடனீரேரியின்ர உப்பளவு மாரியில மழைத்தண்ணியால இறங்கும், கோடையில கடலை விடக் கூடும். அங்க எடுத்த மட்டியை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) தண்ணியில போட்டால் மூடிக்கொண்டே கிடக்கும்.

கடல் சாமான் எதையும் குறைஞ்சது ஒரு கிழமை ஆழ் உறைநிலையில வைச்சிட்டுக் குடுங்கோ. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி சாகும். பாக்டீரியா முழுக்கச் சாகாது, அதனால புது மட்டியாப் பார்த்து வாங்கோணும்.

இன்னொண்டு முக்கியம்: மட்டி மட்டும் மாதக்கணக்காக் குடுக்கக் கூடாது. மட்டி இனங்கள் பலதில தயாமினேஸ் எண்ட நொதியம் இருக்கு, அது விற்றமின் பி1ஐ உடைக்கும். மட்டி வாய் திறப்பிக்கத்தான். மைசிஸ், இறால், மீன்சினை தான் நிரந்தரத் தீன்.

உவர்நீர்_யாழ்:
நன்றி இருவருக்கும். மட்டியை வைச்ச உடன மஞ்சள் டாங் தான் முதல்ல பாயுது, காப்பர்பேண்ட் ஒதுங்கிப் போகுது. அதுக்கு என்ன செய்யிறது?

பவளத்திட்டு:
காப்பர்பேண்டைப் பிரிச்சு வையுங்கோ. துளையிட்ட அக்ரிலிக் பெட்டி, 30 x 20 x 20 சென்ரிமீற்றராவது, தொட்டிக்குள்ளேயே தொங்க விடலாம். தண்ணி மாறும், டாங் தொட ஏலாது. ஒரு சின்னக் கல்லும் உள்ள வையுங்கோ, இல்லாட்டி ஒளிக்க இடமில்லாமல் நடுங்கும். தீனும் மிச்சமும் கண்ணுக்கு முன்னால, எவ்வளவு தின்னுது எண்டும் வடிவாத் தெரியும். மைசிஸைத் தயங்காமல் எடுக்கத் தொடங்கின பிறகு தான் திறந்து விடோணும். திறந்த பிறகும் முதல்ல டாங்குக்கு மற்ற முனையில நோரித்தாளை (காய்ஞ்ச கடற்பாசித் தாள்) கிளிப்பில மாட்டிப்போட்டு இஞ்சால தீனை விடுங்கோ.

உப்பங்காற்று:
மைசிஸ் அளவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. இந்த மீனின்ர வயிறு சின்னன், ஒரேயடியாக் குடுத்தால் மிச்சம் எல்லாம் தண்ணியில பொஸ்பேட்டாத் தான் சேரும். நாளைக்கு மூண்டு, நாலு தரம், ஐஞ்சு நிமிசத்தில முடியிற அளவு. உறைந்த கட்டியைத் தேத்தண்ணி வடியில போட்டுத் தொட்டித் தண்ணியால ஒருக்கா அலசுங்கோ, உருகின சாறு தொட்டிக்குள்ள போகத் தேவையில்லை. தீன் நேரத்தில றிற்றேர்ண் பம்பை (சம்பிலயிருந்து தண்ணியைத் திருப்பி அனுப்புறது) நிப்பாட்டி, அலைமோட்டரைக் குறைச்சு, 15 நிமிசத்தில திரும்பப் போடுங்கோ.

சந்தை இறாலிலயும் தீன் செய்யலாம். ஓடு, நரம்பு எடுத்த இறால் 200 கிராம், கணவாய் 50, மட்டி 50, மீன்சினை 50. கூழா அரைக்க வேண்டாம், கத்தியால 2 மில்லிமீற்றருக்கு அரியுங்கோ. சொண்டு சின்னன், பெரிசைத் துப்பும். சிப் பையில ஐஞ்சு மில்லிமீற்றர் தடிப்பில பரப்பி உறைய வைச்சால் வேண்டிய அளவு முறிக்கலாம்.

கரண்ட் வெட்டு அறிவிச்சிருந்தால் அதுக்கு ஒரு மணித்தியாலம் முன்னம் தீன் போடாதேங்கோ. சூடான தண்ணியில ஒட்சிசன் ஏற்கனவே குறைவு, தீன் தின்ற மீன் கூட இழுக்கும், பம்பும் நிண்டால் காணாது. பற்றரியில ஓடுற காற்றுப்பம்ப் ஒண்டு கட்டாயம்.

நெய்தல்:
துப்புறது தொடர்ந்து, கழிவும் வெள்ளை நூல் மாதிரிப் போனால் குடல் ஒட்டுண்ணியை யோசியுங்கோ. மருந்தைப் பவளத் தொட்டிக்குள்ள விடாதேங்கோ, வேற தொட்டியில வைச்சுத்தான் குடுக்கோணும். தீன் எடுக்காத காப்பர்பேண்டுக்குச் செம்பு மருந்தைத் துவங்க வேண்டாம், இருக்கிற பசியும் போயிடும்.

கல்லில ஐப்டேசியா (களையா முளைக்கிற சின்னக் கடல் அனிமோன்), குழாய்ப்புழு இருந்தால் இப்ப அழிக்காமல் விடுங்கோ, மட்டிக்குப் பழகும் வரைக்கும் மீனுக்கு அதுதான் சாப்பாடு. அழகுக்கு வைச்ச இறகுப்புழுவோ ராட்சத மட்டியோ இருந்தால் அதையும் கொத்தும், முன்கூட்டி வேற தொட்டிக்கு மாத்துங்கோ.