‘டோட்டல் பெயின்’: ‘மொத்த வலி’ வேண்டாம், ‘முழுநோவு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வலித்தணிப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘டோட்டல் பெயின்’ என்பதற்கு நேராக ‘மொத்த வலி’ என்று போட்டு, மறுப்பு இருந்தால் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். எனக்கு மறுப்பு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம் குப்பத்திலிருந்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்கள் வரை, படுக்கையில் கிடக்கும் புற்றுநோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழுவில் நானும் இருக்கிறேன். இந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொள்ளப் போவது நோயாளியின் மகளும் மருமகளும் பக்கத்து வீட்டு அக்காவும்தான். ‘மொத்த வலி’ என்று படித்தால் உடம்பு பூராவும் வலி என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். “மேலுவலிதானே?” என்று மாத்திரைப் பட்டையைத் தேடுவார்கள். மாத்திரை மட்டும் போதாத இடத்தைச் சொல்லத்தானே இந்தச் சொல்லே பிறந்தது?

இந்தச் சொல்லைத் தந்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அப்புறம்தான் மருத்துவர். லண்டனில் 1967-இல், இறுதிக்காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கியவர். அதற்கு முன்பே, 1960களில், இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதற்கு ஒரு நோயாளி, முதுகில் தொடங்கியது, இப்போது என்னில் எதுவுமே சரியில்லை என்றாராம். கணவரும் மகனும் வேலைக்குப் போகாமல் சம்பளத்தை இழக்க நேரும் என்பதையும், தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார். உடம்பு, மனம், குடும்பமும் காசும், ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைத்தான் சாண்டர்ஸ் ‘டோட்டல் பெயின்’ என்றார். மார்ஃபின் அந்தப் பின்னலில் ஓர் இழையைத்தான் தளர்த்தும்.

ஆங்கிலத்தில் இதற்குப் ‘பெயின்’ பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அது தண்டனை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உடல்வலி, துக்கம், பெருமுயற்சி, தண்டனை எல்லாம் அதற்குள் அடங்கும். அதே வேரில் வந்த பிரெஞ்சுச் சொல் ‘பென்’ துயரத்தையும் தண்டனையையும் சுமக்கிறது, உடல்வலிக்கு அங்கே ‘துலூர்’ தனியாக இருக்கிறது என்று புதுச்சேரி நண்பர் போன மடலில் எழுதியது நல்ல குறிப்பு. நம் ‘வலி’க்கு வேறு வரலாறு. வள்ளுவர் வினைவலி, தன்வலி, மாற்றான்வலி என்று எண்ணும்போது அது வலிமை. துடுப்பு வலிப்பது இழுப்பது. உடம்பை இழுத்துப் பிடிக்கும் பொருள்தான் இன்றைக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே தனியாக வரும் ‘பெயின்’ என்பதற்கு ‘வலி’ இருக்கட்டும், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

‘சர்வ வேதனை’ என்ற முன்மொழிவும் வந்தது. ‘வேதனை’ பௌத்த வழக்கில் இன்பத்தையும் சேர்த்த நுகர்ச்சியைக் குறித்த சொல். அதை விட்டுவிட்டாலும், “வேதனைப்படாதீங்க” என்று ஆறுதல் சொல்லிச் சொல்லி அது இப்போது மனசின் பக்கம் சாய்ந்துவிட்டது. முதுகெலும்பில் கட்டி உள்ளவரிடம் வேதனை என்றால் உடம்பு விடுபட்டுப்போகும்.

என் முன்மொழிவு ‘முழுநோவு’.

கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் “கால் நோவுது”, “வயிறு நோவுது” என்பது இன்றும் வாயில் வரும் பேச்சு. அதே வாய்தான் “மனசு நோகப் பேசாதே” என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒட்டுப்போட வேண்டிய வேலையே இல்லை. ‘நோவு’ கொச்சையாக இருக்கிறது என்பவர்களுக்கு, ‘நோவற்க நொந்தது அறியார்க்கு’ என்ற குறளை நினைவூட்டுகிறேன். உன் துன்பத்தை அறியாதவரிடம் அதைச் சொல்லி நொந்துகொள்ளாதே என்கிறார். படுக்கையில் இருப்பவர்கள் பலர் வாய்திறக்காமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

இந்தக் கருத்து நமக்குப் புதிதும் இல்லை. கெடிலக்கரையில், திருவதிகையில், ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயோடு வந்து நின்ற அப்பரின் முதல் பதிகத்தை ஒரு நோயாளியின் வாக்குமூலமாகப் படித்துப் பாருங்கள். ‘குடரோடு துடக்கி முடக்கியிட’ என்பது உடம்பு. எந்த மருத்துவரும் அதைக் கேட்டால் வலி எங்கே, எப்படி என்று குறித்துக்கொள்ளலாம். ‘சலித்தால் ஒருவர் துணை யாரும் இல்லை’ என்பது தனிமை. ‘கொடுமை பல செய்தன நானறியேன்’ என்பது ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற நாலாவது இழை. நான் போகிற வீடுகளில் “யாருக்கு என்ன பாவம் செஞ்சேன், தெரியலியே” என்று காதில் விழாத வாரம் குறைவு. சாண்டர்ஸ் பிரித்துக் காட்டிய இழைகளை அப்பர் ஒரே பதிகத்தில், ஒரே குரலில் பாடிவிட்டார். எனக்கு அந்தப் பாட்டின் மேல் இருக்கும் பற்றை மறைக்கவில்லை. அதற்காக மட்டும் இந்தச் சொல்லைக் கேட்கவும் இல்லை.

எதிர்வாதம் ஒன்று எனக்கே தெரியும். “மாட்டுக்கு நோவு வந்துடுச்சு” என்னும்போது நோவு என்பது நோய். ‘முழுநோவு’ முற்றிய நோய் என்று படக்கூடும். உண்மையான இடர்தான். ஆனால் கையேட்டில் முதல்முறை வரும்போதே ‘உடம்பும் மனசும் சேர்ந்து நோகும் முழுநோவு’ என்று எழுதிவிட்டால் பொருள் நிலைத்துவிடும். ‘மொத்த வலி’க்கு இப்படி எத்தனை விளக்கம் எழுதினாலும் அது மேலுவலிக்கே திரும்பிப் போகும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ‘சஃபரிங்’ என்பதற்குத் துன்பம் போதும். ‘டிஸ்ட்ரெஸ்’ என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். கால் உளைச்சல் மன உளைச்சலாகிப் பல காலம் ஆயிற்று, அதையே வைத்துக்கொள்வோம். வலியின் வகைகளுக்கு, வலியை விவரித்து அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் மெக்கில் வினாப்பட்டியல் (1975) தரும் 78 ஆங்கிலச் சொற்களை வரிக்கு வரி பெயர்க்கும் திட்டத்தைக் கைவிடுங்கள் என்று வேண்டுகிறேன். எரிச்சல், குடைச்சல், கடுப்பு, குத்தல், இழுப்பு, சுருக்கென்பது, விண்விண்ணென்று தெறிப்பது என்று நோயாளிகள் தாங்களாகவே சொல்கிறார்கள். ‘தீயாக எரியுது’ என்று ஒருவர் சொன்னால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்குமோ என்று மருத்துவர் யோசிப்பார், மருந்தே மாறலாம். அந்தச் சொற்களை வீடுவீடாகக் கேட்டுத் தொகுக்கலாம். கடலூர்ப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாலாவது இழைக்குத் தனிப்பெயராக ‘ஆன்மிக வலி’ என்று பட்டியலில் இருப்பதும் எனக்கு ஒட்டவில்லை. கோயிலுக்குப் போகாதவருக்கும் அந்தக் கேள்வி வருகிறது. அதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அடுத்த மடலில் எழுதுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம், கடலூர்