விடியலில் எடுக்கும் படங்கள் மட்டும் வெளிறிப்போகின்றன: லென்ஸ் கெட்டுவிட்டதா?

கேள்வி

நண்பர்கள் சிலர் வெப்பமண்டலத் தீவு ஒன்றில் தங்கியிருக்கிறோம். பெரிய திட்டம் எதுவும் இல்லை. விடியுமுன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கால்போன போக்கில் கரையோரம் நடக்கிறோம். சூரியன் எழும் நேரத்தில் நான் எடுக்கும் படங்கள் எல்லாம் வெள்ளைத்திரை போட்டதுபோல் வெளிறிவிடுகின்றன. வெயில் ஏறியபின் அதே லென்ஸில் பளிச்சென்று விழுகின்றன. துடைத்தால் ஒரு நொடி தெளிகிறது. துணியை எடுப்பதற்குள் ஓரத்திலிருந்து மறுபடி படர்கிறது. செல்பேசியில் எடுக்கும் நண்பருக்கு இந்தத் தொல்லையே இல்லை. லென்ஸ் பழுதா, பூஞ்சையா? விடியல் வெளிச்சத்துக்காகவே வந்தவன் நான். அது தினமும் கைநழுவுவது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

முதல் பதில்

பதற வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இரவில் கேமரா எங்கே இருக்கிறது? அந்தச் செல்பேசி எங்கே இருக்கிறது?

கேட்டவர்

கேமரா ஏசி அறையில், திறந்த பையில். ஏசியை 22 டிகிரியில் வைத்திருக்கிறோம். நண்பர் எழுந்ததுமே செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

முதல் பதில் தந்தவர்

லென்ஸில் குறையில்லை, அது குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெளியே 27 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின்மேலும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். உங்கள் கண்ணாடியோ 22 டிகிரியில் வெளியே வருகிறது. அது சூடேறும்வரை துடைத்துப் பயனில்லை. செல்பேசிக்கு உடல்சூடு கிடைத்துவிடுகிறது.

அறைக்குள் இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மூடிய பையை வெளியே வைத்துவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில்தான் படியும். தொட்டால் சில்லிப்பு தெரியாதபோது திறக்கலாம். அதுவரை லென்ஸைக் கழற்றவே கூடாது. ஈரக்காற்று உள்ளே புகுந்து, படத்தைப் பதிவுசெய்யும் சென்சார்மீது படிந்துவிடும்.

இரண்டாம் பதில்

முடி உலர்த்தும் கருவியால் இரண்டே நிமிடத்தில் சூடேற்றிவிடலாமே?

மூன்றாம் பதில்

வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடேறும், உள்ளே கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசைக்கும் அது ஆகாது.

ஆனால் உங்கள் அவசரம் புரிகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. மணிக்கு 15 டிகிரி என்றால், அரை மணியில் ஏழு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். பொன்னிறம் அதோடு போயிற்று. துருவப் பக்கம் உள்ள நாடுகளில் அது சாய்ந்து எழுவதால் அந்த நிறம் நெடுநேரம் நிற்கும். இங்கே லென்ஸ் தெளியக் காத்திருந்தால் காலைப்பொழுதே கையைவிட்டுப் போய்விடும். ஆகவே முந்தைய நண்பர் சொன்ன முக்கால் மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். அலாரத்தை முன்னால் நகர்த்துங்கள்.

பூஞ்சைச் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். லென்ஸைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைத்த இழைகள் தெரிந்தால் பூஞ்சை. படிந்த ஈரம் தானே மறையும், பூஞ்சை மறையாது. ஈரப்பதம் நாள்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேல் நிற்கும் இடத்தில்தான் அது முளைக்கும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் காத்துவந்தால் போதும். தோல் உறையில் மட்டும் பூட்டிவைக்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கேட்டவர்

டார்ச் அடித்துப் பார்த்தேன், இழை எதுவும் இல்லை. இன்று பையில் போட்டு எடுத்துச் சென்றேன். நங்கூரக் கயிற்றின் முறுக்குகூட எண்ணும்படி விழுந்திருக்கிறது! இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் பாக்கி: வெயில் ஏறியபின் வெள்ளை மணல் சாம்பல் நிறமாக வருகிறது, நண்பர்களின் முகமும் இருண்டுவிடுகிறது. இதுவும் ஈரத்தால்தானா?

முதல் பதில் தந்தவர்

இல்லை. கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும். வெள்ளை மணல் சட்டகத்தை நிறைத்தால் ஒளியைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை +1க்கு வையுங்கள். உச்சிவெயிலில் முகங்களை நிழலுக்கு அழைத்து வந்து எடுங்கள். திரும்பியதும் முதலில் மணலை ஊதித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். உப்பு ஒட்டியிருக்க உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும்.