பென்ரேனால கழுவினதும் மஞ்சள் ஒளிர்வு நீலமாப் போச்சு, ஏன்?

பம்பைமடுப் பிள்ளை:
வவுனியாவில இறுதி வருட ஆய்வு. செப்பு(I) அயடைட்டையும் 4-மெதைல்பிரிடினையும் 1:1 மூல் கணக்கில தொலுயீன் எண்ட கரைப்பானுக்குள்ள கலக்கினன். வடிச்ச தூள், கள்ளநோட்டுப் பார்க்கிற யூவி லைட்டுக்குக் கீழ நல்ல மஞ்சளா ஒளிர்ந்தது. கெதியாக் காயட்டும் எண்டு பென்ரேன் எண்ட இன்னொரு கரைப்பானால கழுவினன். இப்ப நீலம்! காபன், ஐதரசன், நைதரசன் வீதமெல்லாம் கணக்குக்குச் சரியாத்தான் வந்திருக்கு.

மாங்குளத்தான்:
செப்பு ஒட்சியேறியிருக்கும். அசுக்கோபிக் அமிலம் போட்டுப் பாருங்கோ.

பழைய லாப்காரன்:
இல்லைத் தம்பி. செப்பு(II) ஆனால் தூளே பச்சைப்படும், ஒளிர்வும் மங்கும்.

தங்கச்சி, உங்கட பொருள் பழுதாகேல்லை, அடுக்குத்தான் மாறியிருக்கு. மஞ்சள் தாறது கியூபேன்: நாலு செப்பும் நாலு அயடைட்டும் ஒரு பெட்டியின்ர மூலைகளில மாறிமாறி இருக்கும், ஒவ்வொரு செப்பிலயும் ஒரு மெதைல்பிரிடின் வளையம் தன்ர நைதரசனால பிடிச்சிருக்கும். செப்புகள் ஏறத்தாழ 2.7 ஆங்ஸ்ரொம் கிட்ட நிக்கிறதாலதான் அந்த மஞ்சள். நீலம் தாறது படிக்கட்டுமாதிரி நீளுற சங்கிலிப் பல்பகுதியம். ரெண்டிலயும் செப்பு, அயடைட்டு, மெதைல்பிரிடின் 1:1:1தான், அதால வீதம் பார்த்துப் பிரிச்சறிய ஏலாது. செப்பு(I) தன்ர பிணைப்புகளை லேசா விட்டுவிட்டுப் பிடிக்கும். இந்தச் சோடியில பென்ரேன் பட்டால் சங்கிலி, தொலுயீன் பட்டால் பெட்டி. ஆவியே காணும்.

மூடுற போத்தலுக்குள்ள தூளை வைச்சு, பக்கத்தில தொலுயீன் நனைச்ச பஞ்சு வையுங்கோ. ஆவியை வெளியால இழுக்கிற பியூம் ஹூட்டுக்குள்ள செய்யுங்கோ, பிரிடின் நாத்தம் உடுப்பை விட்டுப் போகாது.

பம்பைமடுப் பிள்ளை:
ஓமண்ணை, ஓரத்தில மஞ்சள் வரத் தொடங்கீட்டுது! இது கியூபேன்தான் எண்டு எப்பிடிக் காட்டுறது? அடுக்குப் பார்க்கிற எக்ஸ்-கதிருக்கு வரிசையில நிக்கவேணும்.

பழைய லாப்காரன்:
திரவ நைதரசன், -196 பாகை. கியூபேனும் அந்தக் குளிரில நீலமாகும், ஆனால் சூடேற மஞ்சளுக்குத் திரும்பும். சங்கிலி நீலமாவே நிக்கும்.

மாங்குளத்தான்:
திரவ நைதரசனுக்கு மிருக வைத்தியரைக் கேளுங்கோ. மாடு சினைப்படுத்துற விந்துக் குழாயள் அதுக்குள்ளதான் கிடக்கும்.

பழைய லாப்காரன்:
அருமையான யோசனை! கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கோ, திரவ நைதரசனை ஒருநாளும் போத்தலில ஊத்தி மூடி இறுக்காதேங்கோ. அடுத்த முறை கழுவுறதும் குளிர்ந்த தொலுயீன், துளித்துளியா.