விடிய விடிய ஓடும் கூத்து: மல்டிடிராக் ரெக்கார்டர் பதிவைக் காப்பாற்றும் வழிகள் (ஐந்து ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு)

குடியாத்தம்

பங்குனி, சித்திரை வந்தால் நம்ம பக்கம் ஊருக்கு ஊர் பாரதக் கூத்து. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை ஆறு வரைக்கும் எட்டு மணி நேரம். இதை மல்டிடிராக்கில், அதாவது ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காக, பிடிப்பவர்கள் ஒன்றை மனதில் நிறுத்த வேண்டும். ரெக்கார்டு விளக்கு எரிகிற வரை பதிவு இன்னும் சேவ் ஆகவில்லை. ஸ்டாப் அழுத்தி, திரையில் "பொறு" என்று வருகிற எழுத்து மறைந்த பிறகுதான் அது முழு ஃபைல்.

வேவ் (ரெக்கார்டர் எழுதும் ஒலி ஃபைல் வகை) ஃபைலின் தலைப்பகுதியில் ஒலி எவ்வளவு நீளம் என்ற எண் இருக்கும். பல மிஷின்கள் அந்த எண்ணையும், கார்டின் அட்டவணையில் ஃபைல் அளவையும் ஸ்டாப் அழுத்தும்போதுதான் எழுதுகின்றன. நடுவில் கரண்ட் போனால் ஒலி கார்டில் கிடக்கும், ஆனால் ஃபைல் 0 பைட் என்று காட்டும்.

அதனால் எட்டு மணி நேரத்தையும் ஒரே பதிவாக ஓட விடாதீர்கள். பணம் கொடுத்தவர்கள் பெயரை மேடையில் வாசிக்கிற நேரம்தான் நமக்கு வாய்ப்பு. அப்போது ஸ்டாப், எழுத்து மறைகிறவரை காத்திருங்கள், நேரம் காட்டும் கவுண்டரைப் பாருங்கள், புது புராஜெக்ட் திறந்து மறுபடி ரெக்கார்டு. மொத்தம் அரை நிமிஷ வேலை. முக்கால் மணிக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால், மோசமான ராத்திரியிலும் போவது முக்கால் மணி நேரம் மட்டும்தான்.

கார்டு கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், 24 பிட்டில் ஒரு டிராக்குக்கு மணிக்கு சுமார் 518 எம்பி. மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டு இரண்டு, மேடை மைக் இரண்டு என்று எட்டு டிராக் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 33 ஜிபி. 32 ஜிபி கார்டு பத்தாது. 44.1-இல் பிடித்தால் 30.5 ஜிபி, நிற்கும், ஆனால் கழுத்துவரை நிரம்பிவிடும். நள்ளிரவில் மாற்ற இரண்டாவது கார்டு கையில் இருக்கட்டும்.

சத்துவாச்சாரி

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். லைன் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் இருக்கிற சில விநாடியே ரெக்கார்டரை அணைக்கப் போதும். மிக்சருக்கும் ரெக்கார்டருக்கும் மட்டும் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டக் கூடாது.

5 வோல்ட்டில் ஓடும் சின்ன ரெக்கார்டர் என்றால் பவர் பேங்க் போதும். ஆனால் பவர் பேங்கைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ரெக்கார்டருக்கும் கொடுக்காதீர்கள். சார்ஜ் வயரைப் பிடுங்கும்போதும் லைன் போகும்போதும் பல பவர் பேங்குகள் ஒரு கணம் வெளியீட்டை நிறுத்தி மறுபடி தருகின்றன. அந்த ஒரு கணத்தில் மிஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். முழுசாகச் சார்ஜ் ஏற்றி, முதலிலிருந்தே அதில் மட்டும் ஓட்டுங்கள்.

எக்ஸ்32 மிக்சரில் எக்ஸ்-லைவ் என்ற ரெக்கார்டிங் கார்டு வைத்திருப்பவர்கள் அதில் சிஆர்123ஏ பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஃபைலை ஒழுங்காக மூடிவிட்டு அணைவதற்கென்றே அந்தப் பேட்டரி. பலர் அதை வாங்கிப் போடுவதே இல்லை.

காட்பாடி

குடியாத்தம் அண்ணன் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மிஷின்கள் ஒரு ஃபைலை 2 ஜிபி-யில் நிறுத்தும் அல்லது உடைக்கும். மோனோ, 24 பிட், 48 என்றால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எக்ஸ்-லைவில் 32 சேனலும் ஒரே ஃபைலில் போவதால் 4 ஜிபி-க்கு ஒன்றாக உடையும். பதினொன்றரை நிமிஷத்துக்கு ஒரு ஃபைல். ஒன்று விடாமல் காப்பி எடுத்து, பெயர் வரிசையிலேயே ஒட்டினால் இடைவெளி தெரியாது.

காப்பி எடுப்பதில் அதிகம் நடக்கிற தப்பு, வேவ் ஃபைல்களை மட்டும் அள்ளிக்கொள்வது. புராஜெக்ட் ஃபோல்டரை முழுசாக எடுங்கள். எந்த ஃபைல் எந்த டிராக், ஃபேடர் எங்கே, மார்க்கர் எங்கே என்பதெல்லாம் கூட இருக்கிற அந்தச் சின்ன டேட்டா ஃபைலில்தான் இருக்கிறது. கார்டில் இருக்கும்போது கம்ப்யூட்டரில் பெயர் மாற்றாதீர்கள், மிஷின் அடையாளம் காணாது.

டாஸ்காம் டிபி-24 ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பாடம். அதில் கார்டு இரண்டு பகுதி. பாட்டு இருக்கிற பகுதி கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. யுஎஸ்பி-யில் மாட்டிப் பார்த்துவிட்டு "காலியாக இருக்கிறது" என்று ஃபார்மட் அடித்தால் எல்லாம் போச்சு. முதலில் மிஷினிலேயே சாங் பேக்கப் அல்லது டிராக் எக்ஸ்போர்ட் கொடுத்து, கம்ப்யூட்டருக்குத் தெரிகிற மற்ற பகுதிக்குக் கொண்டு வந்த பிறகே யுஎஸ்பி.

கார்டைக் கழற்றி நல்ல ரீடரில் போட்டால் 30 ஜிபி, நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 25 நிமிஷம். ரெக்கார்டரின் சொந்த யுஎஸ்பி வழியாக 5 எம்பி-தான் வந்தால் ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகும். தூக்கக் கலக்கத்தில் பாதியில் பிடுங்குவது அப்போதுதான்.

வாலாஜா

0 பைட் ஃபைல் வந்துவிட்டால் பதற வேண்டாம். ஆனால் அந்தக் கார்டில் இனி ஒரு விநாடிகூட பதிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் இருக்கிற லாக் பட்டனைத் தள்ளிவிட்டு, வேறு கார்டு போட்டு வேலையைத் தொடருங்கள். "சரி செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கார்டை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக (முழுக் கார்டின் அச்சுப் பிரதி) எடுத்து, வேலையெல்லாம் அந்த இமேஜில் செய்யுங்கள். முதலில் ஃபோட்டோரெக் என்ற ஃபைல் மீட்கும் மென்பொருள். படத்துக்கு என்று பெயர் இருந்தாலும் வேவையும் தேடும். எட்டு டிராக்கும் ஒரே நேரத்தில் எழுதப்பட்டிருப்பதால் துண்டுகள் மாறி மாறிக் கிடக்கலாம்; முழுசாகக் கிடைக்காத ஃபைலும் உண்டு.

ஃபைல் அளவு சரியாக இருந்தும் பிளேயர் திறக்க மறுத்தால் தலைப்பகுதிதான் கெட்டிருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இம்போர்ட் மெனுவில் ரா டேட்டா என்று கொடுங்கள். 24 பிட் சைன்டு, லிட்டில் எண்டியன், மோனோ, பதிவு செய்த அதே சாம்பிள் ரேட், தொடக்கம் 44 பைட். "ஷ்ஷ்" என்று மழைச் சத்தம் வந்தால் ஒலி அழியவில்லை, ஒரு சாம்பிளுக்கான மூன்று பைட் கட்டு நகர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் 45 போடுங்கள், அதுவும் இல்லையென்றால் 46. இந்த மூன்றில் ஒன்றில் மிருதங்கம் தெளிவாகக் கேட்கும். 44.1 பதிவை 48 என்று திறந்தால் அரைக்கட்டைக்கும் கூடுதலாகச் சுருதி ஏறும். முகவீணை கீச்சென்றால் ரேட்டைப் பாருங்கள்.

ஆற்காடு

கார்டு வாங்கும்போதே பிடிக்க வேண்டிய கோளாறு ஒன்று இருக்கிறது. விலை மலிவான கார்டில் 64 என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி இருக்கும். நிரம்பிய பிறகு எழுதுவது எதுவும் கார்டில் தங்காது, மிஷின் ஒரு எச்சரிக்கையும் தராது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கார்டு சோதிக்கும் மென்பொருளைப் போட்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். 32 ஜிபி-க்கு மேல் ஏற்காத மிஷினில் 64-ஐத் திணிக்க வேண்டாம்.

காப்பி முடிந்ததும் டெராகாப்பி என்ற காப்பி மென்பொருளில் வெரிஃபை (சரிபார்ப்பு) கொடுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டும் வேறு வேறு வீட்டில். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுகிற ஊர் இது, பூட்டிய காரின் டாஷ்போர்டில் டிஸ்க்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள். கார்டு உறையில் ஊர், தேதி, எந்த நாள் கூத்து, 44.1-ஆ 48-ஆ என்று பேனாவால் எழுதுங்கள். இரண்டாவது டிஸ்க்கிலிருந்து ஒரு டிராக்கையாவது நடுப்பகுதியில் கேட்ட பிறகே கார்டை ஃபார்மட் செய்யலாம்.